நிமிர்ந்து நிற்கும் இடத்தை அளந்து பாருங்கள்

பாகங்களைக் கொண்டுவந்து சில நாளில் அரைக்கோள வடிவக் குவிமாட வீட்டைப் பொருத்தி எழுப்பிவிடலாம், மின் இணைப்பே இல்லாமல் வாழலாம் என்று இந்த வீடுகளைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. சரி, எனக்கும் இந்த வடிவம் ரொம்பப் பிடிக்கும். குறைந்த மேற்பரப்பில் அதிக இடத்தை அடைப்பது கோளம்தான், காற்றும் மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் 20 அடி விட்டமுள்ள அரைக்கோளத்தில் தரை 314 சதுர அடி என்றால், ஆறடி ஆள் தலை இடிக்காமல் நிற்கும் இடம் சுமார் 200 சதுர அடிதான். மீதியெல்லாம் ஓரத்துச் சரிவுக்கு அடியில் போய்விடும், அங்கே ஒரு பீரோவைக்கூடச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது.

அப்புறம் மழை. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லர் 1954-இல் காப்புரிமை பெற்ற முக்கோணச் சட்டக் குவிமாடத்தின் காலத்திலிருந்தே தொல்லை இணைப்புகளில்தான். சாதாரணக் கூரையில் ஓடு மேல் ஓடு படிந்து தண்ணீரை இறக்கிவிடும், இங்கே ஒவ்வொரு இணைப்பையும் பசை வைத்து அடைக்க வேண்டும், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி அந்தப் பசை ஒருநாள் விரிசல் விடும். சமையல் ஆவியும் மூச்சுக்காற்றும் மேலே ஏறிக் குளிர்ந்து விடிகாலையில் படுக்கையில் சொட்டும். உச்சியில் திறக்கிற ஜன்னல் இல்லாத மாடலை வாங்கவே வாங்காதீர்கள். சோலார் பலகையும் வளைந்த கூரையில் சரியாக உட்காராது, தரையில் தனியாக ஸ்டாண்டு போட்டு வையுங்கள், தூசி துடைக்கவும் சுலபம்.