மூடச் சொல்கிறவர்களே, நம் வீட்டுக் கழிவு எங்கே போகும்?

நம் ஊர்க் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிப் பேச முந்தாநாள் சமுதாயக்கூடத்தில் நடந்த கூட்டத்தை வீடியோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியவரைப் பற்றி எழுதப்போவதில்லை. ஆனால், "பீக்கு வக்காலத்து வாங்க வந்துட்டாரு" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தியதும் கூட்டமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை. அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன்.

பேரூராட்சி கொண்டுவந்தது புது நிலையம் இல்லை. குப்பைக்கிடங்குக்குப் பின்னால் ஏற்கெனவே இருக்கிற கழிவு சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்த்து, கழிவைக் காயவைக்கும் உலர் படுகைகளை அதிகமாக்கும் தீர்மானம். அவ்வளவுதான். அதை வேண்டாம், நிலையத்தையே மூடு என்று கையெழுத்து வாங்குகிறார்கள். மூடினால் நம் வீட்டுக் கழிவு எங்கே போகும்? நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். யாரும் பதில் சொல்லவில்லை.

நம் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிறைந்தால் லாரிக்காரருக்குப் போன் போடுகிறோம், உறிஞ்சிக்கொண்டு போகிறார். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாம் கேட்டதில்லை. நிலையம் வருவதற்கு முன்னால் ஏரி வரத்துக்கால்வாயில் இராத்திரியோடு இராத்திரியாகக் கொட்டியது ஊருக்கே தெரியும். அந்த ஏரித் தண்ணீரில்தான் நடவு நடந்தது, மாடு குடித்தது. 2017இல் செங்கல்பட்டு பக்கம் கருங்குழியில், செப்டிக் டேங்க் கசடுக்கென்றே தமிழ்நாட்டின் முதல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நமக்கும் ஒன்று வந்தபோது நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

"நாத்தம் தாங்கலையே" என்கிறீர்கள். உண்மை. அதற்காகத்தானே சீரமைக்கச் சொல்கிறேன்! லாரியில் வருவதை மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் விட்டால் தண்ணீர் கீழே வடியும், மேலே நிற்பது வெயிலில் காயும். வடிந்த தண்ணீர் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியாகக் குளத்துக்குப் போகும். காய்ந்ததை வாரும்போதெல்லாம் கொஞ்சம் மணலும் சேர்ந்து போகும், அதைத் திரும்ப நிரப்ப வேண்டும். இங்கே நிரப்பவே இல்லை. மணல் அடைத்துக்கொண்டது. ஊர் வளர்ந்து லாரி அதிகமாகிவிட்டது. முதல் லோடு காயுமுன்னே அதன் மேல் அடுத்த லோடு. ஈரத்தின் மேல் ஈரம் நின்றால் நாறாமல் என்ன செய்யும்? இடமில்லை என்று திருப்பி அனுப்பிய லாரி நேராக வீட்டுக்குப் போகிறதா? மறுபடியும் கால்வாய்க்குத்தான் போகிறது.

"உங்க வீடு நாலாவது தெருவுல இருக்கு, பக்கத்துல இருந்து பாரு சார்" என்று ஒரு தம்பி சொன்னார். சரியான கேள்வி, தலைகுனிந்து ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்கும் உரிமை நிலையத்தை ஒட்டியிருக்கிற காலனிக்காரர்களுக்குத்தான் இருக்கிறது. நிலையம் வந்த நாளிலிருந்து அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். குப்பைக்கிடங்கு, சுடுகாடு, இப்போது இது, எல்லாமே ஏன் அவர்கள் பக்கமே போகிறது என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர்களுமே மூடச் சொல்லவில்லை, சரிபண்ணுங்கள் என்றுதான் மனு கொடுத்திருக்கிறார்கள். மூடச் சொல்கிறவர்கள் புது லேஅவுட்டில் மனை வாங்கியவர்கள். மனை விலை இறங்கிவிடுமாம். வீடு கட்டி அதில் டேங்க் வைக்கப்போவது நீங்களும்தானே ஐயா? செலவு, ஊழல், காண்ட்ராக்ட் என்று பேசுகிறவர்கள் கணக்குக் கேளுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன். அது மூடுவதற்குக் காரணம் ஆகாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவி கேட்டாள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டு டேங்கைப் பதினேழு வருஷம் திறக்கவே இல்லை. "நம்ம டேங்க் நிறையவே நிறையாது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அடியில் சிமென்ட் போடவில்லை, எல்லாம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. இருபதடி தள்ளிக் கிணறு. தங்கைக்கு இரண்டு தடவை டைபாய்டு வந்தது. அந்தக் கிணற்றால்தான் என்று இன்றைக்கு நிரூபிக்க முடியாது. கடைசியில் அடைத்துக்கொண்டபோது அடிக்கசடு களிமண்ணாக இறுகியிருந்தது, லாரிக் குழாய் இழுக்கவில்லை. 2001. நான் பத்தாவது படித்தேன். அப்பா ஒருவரைக் கூட்டிவந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டி அவரை உள்ளே இறக்கினார்கள். கயிற்றின் இன்னொரு முனையை நானும் பிடித்திருந்தேன். மேலே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பை உயரத் தூக்கி அவர் கையில் ஊற்றினாள். அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை டேங்குக்குள் இறக்குவது குற்றம் என்று 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையிலும் டேங்கிலும் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ஆக்கியது. ஆக்க வேண்டி வந்தது என்றால் இன்னும் செத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கசடை எடுத்தால் அது இறுகாது, ஆளை இறக்கும் பேச்சே வராது. எடுக்க லாரி வேண்டும், லாரிக்குக் கொட்ட இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நீங்கள் மூடச் சொல்கிறீர்கள்.

ஆமாம், பீக்குத்தான் வக்காலத்து வாங்கினேன். என் வீட்டுது, உங்கள் வீட்டுது, சிரித்தவர்கள் வீட்டுது.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூட்டம் இருக்கிறது. நான் போகிறேன். காலனியிலிருந்து வருகிறவர்களை முதலில் பேச விட வேண்டும் என்று செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பேசி முடித்த பிறகு எனக்கு மைக் கொடுத்தால் போதும்.