ஊதுகருவியை ஏமாற்றும் உபாயங்கள்

மது அருந்திவிட்டு வண்டியோட்டுபவர்களைவிட, அவர்களுக்கு மூச்சுச் சோதனையிலிருந்து தப்பும் வழிகளை ஓதிக்கொண்டிருப்பவர்கள்மீதுதான் எனக்குக் கூடுதலான கோபம் வருகிறது. எந்த விருந்துக்குச் சென்றாலும், புதினா மிட்டாயை மென்றால் போதும், வெங்காயத்தைக் கடித்தால் போதும் என்று மருத்துவர் தோரணையில் அறிவுரை வழங்க ஒருவர் இருந்தே தீருகிறார். மூச்சுச் சோதனைக்கான அந்த ஊதுகருவி வாயின் வாடையை முகர்ந்து பார்ப்பதில்லை என்று எத்தனை முறைதான் சொல்வது? இரத்தத்தில் கலந்த எத்தனால், அதாவது மதுவிலுள்ள ஆல்கஹால், நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் மூச்சுக்காற்றோடு சேர்கிறது. ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சில் இருக்கும் ஆல்கஹால் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற கணக்கில்தான் பல கருவிகள் அளவைக் காட்டுகின்றன. அமெரிக்கரான ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் தம் மூச்சுச் சோதனைக் கருவியை உருவாக்கிய காலத்திலிருந்தே, ஆழ்ந்த மூச்சை நீளமாக ஊதச் சொல்வதற்குக் காரணம், அந்த நுண்ணறைகளின் காற்று கருவியை எட்டவேண்டும் என்பதே.

இதில் மிகவும் வேதனையளிப்பது, வாய் கொப்பளிக்கும் திரவத்தைப் பரிந்துரைப்பவர்களின் அறியாமை. அத்தகைய திரவங்கள் பலவற்றில் ஆல்கஹாலே இருப்பதால், கொப்பளித்த சில நிமிடங்களுக்கு அளவு கூடுமேயன்றிக் குறையாது. வாயில் தங்கிய ஆல்கஹால் நீங்குவதற்காகத்தான் சோதனைக்கு முன் 15 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். காபியும் குளிர்ந்த நீரில் குளியலும்கூடப் பயன் தருவதில்லை. ஆல்கஹாலைச் சிதைக்கும் கல்லீரல் தன் போக்கில்தான் வேலை செய்யும். அதை அவசரப்படுத்த எவராலும் இயலாது. இத்தனை உபாயம் தேடும் நேரத்தில், சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கலாமே!