கேசினோ வந்தால் வைத்திக்குப்பத்துக்கு என்ன கிடைக்கும்?

புதுச்சேரியில் கேசினோ, அதாவது சூதாட்ட விடுதி, பற்றிய பேச்சு எழுந்தாலே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 2022 ஜூனில் கார்டெலியா சொகுசுக் கப்பல் வந்தபோது அனுமதி கிடைக்காமல் கடலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. 2025 ஜூலையில் அதே கப்பலின் பயணிகள் இங்கே வந்து இறங்கினார்கள். இரண்டு முறையும் சண்டை ஒன்றுதான்: கப்பலில் சூதாட்டம் இருக்கிறது, பண்பாடு கெட்டுப்போகும். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. மூணு நம்பர் லாட்டரியில் கூலிக் காசைத் தொலைத்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன.

ஆனாலும் கேசினோ வரலாம் என்பதுதான் என் கருத்து. ஒரே ஒரு நிபந்தனை. கடலோரக் குப்பங்களின் பங்கு என்ன என்பதை, உரிமம் கொடுப்பதற்கு முன்பே சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

குப்பத்து ஆட்களுக்கு இன்று வேறு என்ன வழி இருக்கிறது, சொல்லுங்கள். 1898இல் தொடங்கிய ஏஎஃப்டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) துணி மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 1980களில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கட்டிய பிறகு கடல் நீரோட்டம் வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் மணல் நின்றது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் ஆகிய மீனவக் குப்பங்களின் கரைகளைக் கடல் அரித்துத் தின்றது. வலை காயவைத்த மணலில் இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரிசைகட்டி வருகின்றன. அந்தப் பணம் விடுதிக்கும் மதுக்கடைக்கும் போகிறது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களுக்குக் குப்பையும் சத்தமும்தான் மிச்சம்.

கேசினோவும் இப்படியே ஆகிவிடாதா? எழுதிவைக்காவிட்டால் நிச்சயம் ஆகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடலோர ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய சுற்றுலாத் தலம், பிறகு நொடித்துப் போனது. ஊரைத் தூக்கி நிறுத்தத்தான் 1976இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி கேசினோவை அனுமதித்தார்கள். 1978இல் முதல் கேசினோ திறந்தது. ஆயிரக்கணக்கில் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் கேசினோ மீதான 8 சதவீத வரி, மாநிலம் முழுவதும் உள்ள முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் போனது. நல்ல காரியம்தான். அந்த ஊரின் ஏழைத் தெருவுக்கென்று ஒதுக்கியது எதுவும் இல்லை. வந்தவர்கள் உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே தூங்கி, உள்ளேயே செலவழித்துவிட்டுப் போனார்கள். வெளியே இருந்த சாப்பாட்டுக் கடைகள் பல மூடப்பட்டன. 1984இல்தான், கேசினோக்கள் தங்கள் வருமானத்தில் 1.25 சதவீதத்தை வளர்ச்சிப் பணிகளில் மறுமுதலீடு செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் வரி என்று சட்டம் வந்தது. பக்கத்து மாநிலங்களும் கேசினோ திறந்த பிறகு கூட்டம் குறைந்தது. 2014 ஒரே ஆண்டில் நான்கு கேசினோக்கள் மூடின.

நமக்கும் இதே கதி வரலாம். கேசினோவுக்கு இப்போது ஜிஎஸ்டி 40 சதவீதம். மாநிலத்தின் பங்கு பொதுக் கஜானாவில் கலந்துவிட்டால் சோலை நகருக்கு என்ன வந்தது என்று யாராலும் கேட்க முடியாது. அதனால்தான் உரிமக் கட்டணத்தைத் தனி நிதியாக வைத்து, அதன் செலவை மீனவப் பஞ்சாயத்துகளும் பெண்கள் சுயஉதவிக் குழுக்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். கேசினோ சமையலறைக்கு மீன் நம் மீனவப் பெண்களிடமிருந்தே போக வேண்டும். கேசினோ திறப்பதற்கு முன்பே நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க வேண்டும். காவலாளி, துப்புரவு வேலை மட்டும் நமக்கு என்றால் அந்தக் கேசினோவே வேண்டாம்.

அப்புறம், உள்ளூர்க்காரர்கள் ஆடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கோவாவில் 2020 முதல் கோவாக்காரர்கள் கேசினோவில் ஆடத் தடை இருக்கிறது. சிங்கப்பூரில் குடிமக்கள் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். அதோடு, ஆட்டத்தில் குடும்பத்தைக் கெடுக்கும் ஒருவரை உள்ளே விடாதே என்று வீட்டாரே மனு கொடுத்துத் தடை வாங்கலாம். மனைவியின் கையெழுத்துக்கு அந்த அளவு பலம் கொடுக்கும் சட்டம் இங்கே மதுக்கடைக்குக்கூட இல்லை.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படும் ஒன்று. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரம் தூர்ந்துபோய்ப் படகுகள் தரைதட்டுகின்றன. தூர்வாருங்கள் என்று மீனவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். கேசினோ கப்பலாக வந்தால், அதற்கு ஆள் ஏற்றி இறக்கும் படகுகளும் அதே வழியாகத்தான் போக வேண்டும். உரிமக் கட்டணத்தின் முதல் தவணையில் முகத்துவாரத்தைத் தூர்வாரி, அந்த மணலை வடக்கே அரித்துப்போன கரைகளில் கொட்டட்டும். அதை முடித்துவிட்டு ஆட்ட மேசையைத் திறக்கட்டும்.