லைன் வேகத்தைக் கூட்டினால் பில்லிங் பறக்காது

அண்ணாச்சி, “சர்வர் சிபியு 20 சதவீதம்தான் ஓடுது, அதனால கோளாறு நெட்லதான், 200 எம்பிபிஎஸ் (Mbps, நெட் வேகம்) லைன் போட்டா பில்லிங் பறக்கும்”னு மேல எழுதியிருக்கீங்க. அது தப்பு. சர்வர் சும்மா கிடக்குன்னா கோளாறு லைன் வேகத்துலதான்னு அர்த்தமில்ல.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி மண்டியில இதே பாடுதான். சர்வர் மும்பையில, தகவல் போய்வர 40 மில்லிவிநாடி. பையன் ‘சேவ்’ அமுக்குனா வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கும். பக்கத்துல உக்காந்து குரோம்ல எஃப்12 தட்டி நெட்வொர்க் டேப்பை (சர்வருக்குப் போய்வர்ற ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம்னு காட்டுற பக்கம்) பார்த்தேன். ஒரு பில்லுக்கு 300 கோரிக்கை (கம்ப்யூட்டர் சர்வர்கிட்ட ஒரு தடவை கேக்குறது ஒரு கோரிக்கை), அதுவும் ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. 300 × 40, ஆக 12 விநாடி வெறும் காத்திருப்பு! லைனை அகலப்படுத்தினா இந்த 40 குறையாது (மும்பை என்ன, கல்லிடைக்குறிச்சிக்கா நகர்ந்து வரப்போகுது?). பில்லுல உள்ள எல்லா ஐட்டத்தையும் ஒரே கோரிக்கையில அனுப்புற மாதிரி மாத்தினப்புறம் 2 விநாடிக்குள்ள வந்துட்டு.

சராசரியையும் நம்பாதீங்க. 95 பில் 1 விநாடி, 5 பில் 30 விநாடின்னா சராசரி 2.45தான். சத்தம் போடுறது அந்த 5 பேரு. நேரத்தைக் கவுண்டர் கம்ப்யூட்டர்லயே அளந்து, 99ஆவது சதமானத்தை (100 பில்லுல 99 எவ்வளவு நேரத்துக்குள்ள முடியுதோ, அந்த நேரம்) பாருங்க.

மண்டியில இன்னும் பழைய 50 எம்பிபிஎஸ் லைன்தான் ஓடுது.