ஆதரவு நிறுத்தம் வேறு, அழிப்பது வேறு

அண்ணா, “நம்பை பைத்தான் 3.9-ஐக் கைவிட்டாச்சு, ஏற்காடு எஸ்டேட் ஆபீஸ்ல மழைக்கணக்கு ஸ்கிரிப்ட் இனி ஓடாது” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். (நம்பை என்பது NumPy, பைத்தான் மொழியில் எண் கணக்குக்கு உதவும் நூலகம்.) முதல் பாதி சரி, இரண்டாவது தவறு.

3.9-ஐ விட்டது நம்பை 2.1. அதற்கு முந்தைய 2.0.2, பைத்தான் நூலகங்களின் இணையக் கிடங்கான பைபையில் (PyPI) அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வெளியீடும் தனக்கு எந்தப் பைத்தான் வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும். நூலகங்களை நிறுவும் கருவியான பிப் (pip), அதன் 9-ஆம் பதிப்பு முதல் அதைப் பார்த்துத்தான் இறக்குகிறது. பதிப்பு எண் சொல்லாமல் 3.9-இல் நிறுவினால் 2.0.2 தானாக வரும். 2.1.0 என்று நீங்களே எழுதினால்தான் பிழை காட்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில். நம்பை 1.26-க்குக் கம்பைல் செய்த பழைய பாண்டாஸ் (pandas, நம்பையை நம்பி ஓடும் அட்டவணைத் தரவு நூலகம்) இருக்கும்போது நம்பை மட்டும் 2.0-க்கு ஏறினால், நூலகத்தை அழைக்கும் இம்போர்ட் வரியிலேயே ஸ்கிரிப்ட் விழும். ஆகவே இப்போது ஓடுகிற மெஷினில் பிப் ஃப்ரீஸ் (pip freeze) கட்டளை கொடுத்து, வெளிவரும் நூலகப் பதிப்புப் பட்டியலை ரிக்வயர்மென்ட்ஸ் (requirements.txt) கோப்பில் சேமியுங்கள். மலைமேல் நெட் இழுக்கிறதா? சேலத்தில் அதே பைத்தான் பதிப்பு, அதே ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலை பிப் டவுன்லோட் (pip download) கட்டளையால் இறக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். 32 பிட், 64 பிட் மாறினால் இறக்கிய வீல் கோப்பு (wheel, நிறுவத் தயாரான நூலகக் கோப்பு) ஏறாது, இதில்தான் பலர் வழுக்குவது.

பைத்தான் 3.9-க்கே பாதுகாப்புத் திருத்தம் 2025 அக்டோபரோடு முடிந்தது. நெட்டில் இணைந்த மெஷின் என்றால் மாற்ற வேண்டிய காரணம் அதுதான், நம்பை அல்ல.