கிடங்கை விரிவாக்கும் முன் குப்பையைப் பிரித்துக் கொடுங்கள்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள் என்பதால் மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. குப்பைக் கிடங்கைக் கண்மாய்ப் பக்கம் விரிவாக்கக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, நகரத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்றின் சார்பில் வந்திருந்த பெரியவர் எழுந்து, "குப்பை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டதும், அதற்குப் பின்வரிசையில் கைதட்டல் எழுந்ததும்தான் இதை எழுதக் காரணம். அவருடைய வயதை மதிக்கிறேன். கைதட்டியவர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நாகரிகம்.

நான் சொல்வது ஒன்றுதான். குப்பையைப் பிரிக்காமல் ஏற்றி அனுப்புகிற நகரத்துக்கு, அதைக் கொட்ட இன்னும் ஒரு ஏக்கர் கேட்கும் உரிமை கிடையாது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் உணவகங்களும் மண்டபங்களும் மட்கும் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும், நிலத்தில் புதைப்பது மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் உதவாத மிச்சத்தை மட்டுமே என்றும் அவை சொல்லின. எங்கள் ஊருக்கு வரும் லாரியின் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் வாழை இலையும் சாம்பாரும் ஊசியும் டயப்பரும் ஒரே குவியலாக இருக்கின்றன. இதைத்தான் மிச்சம் என்கிறார்கள் போலும்.

நம் நகரங்களின் குப்பையில் ஏறக்குறைய பாதி மட்கக்கூடியது. அதைத் தனியே எடுத்து உரமாக்கினால் கிடங்கின் ஆயுள் தானாகவே நீளும். எடுக்காமல் குவித்தால் காற்றுப் புகாத அடிப்பகுதியில் அது அழுகி மீத்தேனாகிறது, கோடையில் பற்றிக்கொள்கிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடியும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரும் எரிந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். மழைக்காலத்தில் அதே குவியலிலிருந்து கறுப்பு நீர் கசிந்து கிணறுகளுக்கு இறங்குகிறது. குளத்துக்கும் குடியிருப்புக்கும் 200 மீட்டர் தள்ளித்தான் குப்பையைப் புதைக்கும் நிலம் இருக்க வேண்டும் என்று அதே விதிகள் வகுத்தன. கண்மாய்க் கரையிலிருந்து அளந்து பார்க்க நாடா தேவையில்லை, நடந்தாலே தெரியும்.

என் அத்தைக்கு எங்கள் ஊரில் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியும் முன்பே ஆள் வைத்து மொட்டுப் பறித்து, மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்பிவிடுவார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மதுரை மல்லியைக் கொள்முதல் செய்கிறவர், எந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் விளைந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அத்தை மகனுக்குப் பெண் கேட்டுப் போனபோது, ஊர்ப் பெயரைச் சொன்னதும் பெண்ணின் தாயார், "அந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்திலா?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்குக் காபி கொடுத்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் நாங்கள் கொடுக்கவே இல்லை.

"நீங்களும் குப்பை போடுகிறவர்கள்தானே?" என்று கேட்பீர்கள். போடுகிறோம். ஆனால் எங்கள் வீடுகளில் காய்கறித் தோல் மாட்டுக்குப் போகிறது, சாணம் குப்பைக்குழிக்குப் போகிறது, குழி எரு வயலுக்குப் போகிறது. நெகிழி எங்களிடமும் சேர்கிறது, மறைக்கவில்லை, அதற்கு எங்கள் ஊரிலேயே இடம் ஒதுக்கச் சம்மதமும் சொன்னோம். பிரித்து எடுக்கச் சொன்னால் தூய்மைப் பணியாளர்களுக்கு வேலைப்பளு கூடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இது நியாயமான கவலை. ஆனால் கலந்து கிடக்கும் குப்பைக்குள் கையைவிட்டு உடைந்த கண்ணாடியில் கிழித்துக்கொள்கிறவரும் அதே பணியாளர்தான் என்பதையும், பிரிக்க வேண்டியவர் அவர் அல்ல, நம் அடுக்களையில் நிற்கும் நாம்தான் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

"கிடங்கு இருப்பது தெரிந்துதானே மலிவாக மனை வாங்கினீர்கள்?" என்பவர்களுக்கு: நாங்கள் யாரும் மனை வாங்கி வந்தவர்கள் அல்லர். எங்கள் அய்யனார் கோவிலை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். வளர்ச்சிக்கு எதிரிகள் என்பவர்களுக்குப் பதில் எழுத நேரமில்லை.

அந்தப் பெரியவர் குடியிருக்கும் பகுதியில் மட்கும் குப்பையை அங்கேயே உரமாக்கும் நுண் உர மையம் ஒன்று அமைக்கப் பேச்சு எழுந்தபோது, வாடை வரும், மனை விலை விழும் என்று மனு கொடுத்து நிறுத்தியவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். தங்கள் வாழைப்பழத் தோலின் வாடையைத் தங்கள் தெருவில் தாங்க முடியாதவர்கள், நகரம் முழுக்கச் சேர்ந்த வாடையை நாங்கள் தாங்குவதைப் பொறுமை என்று பாராட்டுகிறார்கள், தாங்க மறுத்தால் ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். குப்பைக் கிடங்கு இருக்கும் வெள்ளக்கல் பக்கம் போகும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற மதுரைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமா என்ன? எங்கள் வீடுகளுக்கு ஏற்றிக்கொள்ளக் கண்ணாடி கிடையாது.

பின்னூட்டத்தில் எனக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள், முதலில் உங்கள் வீட்டு வாசலில் இன்று காலை எத்தனை தொட்டிகள் வைத்தீர்கள் என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ஒன்று என்றால், நிலம் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.