கடைசி இடத்தில் இருந்தாலும் 162 ஆட்டம்தான்

ஞாயிறு ராத்திரி என்ன நடந்தது என்று நம்ம ஆன்லைன் பேஸ்பால் லீக்கில் (ஆளுக்கு ஒரு டீமை நடத்துவோம், ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆடும்) இருக்கிற எல்லாருக்கும் தெரியும். குரூப்பில் பேசி முடித்து, "விடுங்க ஜி, கேம்தானே" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை.

வேண்டுமென்றே தோற்பது ஏமாற்று வேலை. அதற்கு "ரீபில்ட்", அதாவது டீமைப் புதுசாகக் கட்டுவது, என்று பேர் வைத்தாலும் ஏமாற்று வேலைதான்.

கடைசி நாலு ஆட்டம் பாக்கி. நானும் இன்னொரு டீமும் சமநிலை, இருப்பது ஒரு பிளேஆஃப் (சீசன் முடிந்து நடக்கிற நாக்-அவுட் சுற்று) இடம். அந்த டீமுக்கு எதிராளி, பட்டியலில் கடைசியில் இருந்த நம்ம நண்பர். அவரிடம் நல்ல இடதுகை ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசுகிற பிட்சர், ஒருவன் இருக்கிறான். காயம் இல்லை, அஞ்சு நாள் ஓய்வும் கிடைத்திருந்தது. அவனை உட்காரவைத்துவிட்டு, கீழே டபுள் ஏ என்கிற பயிற்சி லீகில் இருந்த இருபது வயசுப் பையனைக் கொண்டுவந்து வீச வைத்தார். பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாள்) திறந்து பாருங்கள்: மூணு இன்னிங்ஸ், ஏழு வாக் (தப்பாக வீசி இலவசமாகக் கொடுத்த பேஸ்), எட்டு ரன். கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கிற குளோசர், நாலு நாளும் புல்பென்னை (பிட்சர்கள் காத்திருக்கிற இடம்) விட்டு எழுந்திருக்கவே இல்லை. நாலும் அவருக்குத் தோல்வி. நான் என் நாலில் மூணு ஜெயித்தேன். ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃபுக்கு வெளியே. கடைசியில் முடித்த நண்பருக்கு ட்ராஃப்டில் (டீம்கள் முறைவைத்துப் புது ஆட்களை எடுப்பது) முதல் பிக், அதாவது முதல் தேர்வு.

ஜெயித்த டீம் மேல் எனக்குத் துளிக்கூட வருத்தம் இல்லை. அவர் தன் லைன்அப்பை ஒழுங்காகப் போட்டார், ஆடினார்.

"ரூலில் இல்லையே" என்கிறீர்கள். இல்லைதான். பதினாறு பேர் ஆறு மாசம், வாரா வாரம் ஞாயிறு எட்டு மணிக்குள் நம்ம டீம் ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புகிறோமே, அது எந்த நம்பிக்கையில்? எதிரில் இருப்பவனும் ஜெயிக்கப் பார்ப்பான் என்ற ஒரே நம்பிக்கையில்தான். அதை எடுத்துவிட்டால் ஒரு சீசனின் 162 ஆட்டத்துக்கும் அர்த்தம் இல்லை.

"நிஜ பேஸ்பாலிலேயே செய்கிறார்களே, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் செய்யலையா" என்று ஒருத்தர் கேட்டார். 2011-இல் 106, 2012-இல் 107, 2013-இல் 111 ஆட்டம் என்று தோற்றார்கள், 2017-இல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்கள், சரி. நடுவில் நடந்ததையும் சொல்லுங்கள். 2013-இல் முதல் பிக்கில் எடுத்த மார்க் அப்பெல் ஆஸ்ட்ரோஸுக்காக மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. 2014-இல் முதல் பிக்கில் எடுத்த பிராடி எய்க்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. இன்னொரு பக்கம், 1988-இல் டாட்ஜர்ஸ் டீம் 62-வது ரவுண்டில் எடுத்த மைக் பியாசா ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். கடைசியில் மேஜர் லீகே இந்தத் தோற்கிற வியாபாரம் தாங்காமல் 2023 ட்ராஃப்டிலிருந்து முதல் ஆறு பிக்குக்குக் குலுக்கல் கொண்டுவந்தது. மோசமான மூணு டீமுக்கும் முதல் பிக்குக்கு ஒரே வாய்ப்பு, 16.5 சதவீதம் என்று வைத்தது.

கடைசி இடத்து டீம் எப்படி ஆடணும் என்று பார்க்க ஆசை இருந்தால் 2011 செப்டம்பர் 28-ஐப் பாருங்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 ஆட்டம் தோற்று, தங்கள் டிவிஷனில் கடைசியில் இருந்தார்கள். எதிரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், கடைசி பிளேஆஃப் இடத்துக்கு டாம்பா பே டீமோடு சமநிலை, ஜெயித்தே ஆகவேண்டிய நிலைமை. ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 3-2 முன்னிலை, பாஸ்டன் குளோசர் பாப்பல்பான் வீசுகிறார், ரெண்டு பேர் அவுட், பேஸில் யாரும் இல்லை. ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் டபுள் (ரெண்டாவது பேஸ் வரை போகிற அடி). ரெய்மோல்ட் டபுள், ஸ்கோர் சமம். ஆண்டினோ இடதுபக்கம் ஒரு சிங்கிள் தட்டினார், பாஸ்டனின் கார்ல் கிராஃபர்டு சறுக்கிப்போய்ப் பிடிக்கப் பார்த்து நழுவவிட்டார், ரெய்மோல்ட் ஹோமுக்கு ஓடி வந்துவிட்டார். 4-3. சில நிமிஷத்தில் டாம்பா பே மைதானத்தில் அந்த டீமின் லாங்கோரியா ஹோம் ரன் அடித்து ஜெயிக்கவைக்க, பாஸ்டனின் சீசன் அதோடு சரி. ஓரியோல்ஸுக்கு அந்த வெற்றியால் ஒரு பைசா லாபம் இல்லை. ஆனால் ஆடினார்கள். மைதானத்தில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கொண்டாடினார்கள்.

என் முதல் சீசனில் நான் 104 தோற்றேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். செப்டம்பரில் ஒருநாள் லாண்டரியில் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது போனில் பிளாட்டூன் (எதிர் பிட்சர் இடதுகையா வலதுகையா என்று பார்த்து ஆளை மாற்றுவது) மாற்றிக்கொண்டிருந்தேன். "தோத்துப்போன டீமுக்கு எதுக்கு இவ்ளோ பாடு" என்று வீட்டில் கேட்டார்கள். என் டீமில் முப்பத்தெட்டு வயசுப் பிட்சர் ஒருத்தர், அந்த வருஷம் 5 ஜெயிப்பு, 17 தோல்வி. கடைசி ஆட்டத்தை அவருக்கே கொடுத்தேன். ஏழு இன்னிங்ஸ், ரெண்டு ரன், வாக்கே இல்லை. அக்டோபரில் "ஓய்வு பெற்றார்" என்று ஒரு வரி மெசேஜ் வந்தது. கம்ப்யூட்டர் உண்டாக்கின ஆள், முகம்கூட ஒரு படம்தான். நான் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லாத ஆளுங்களுக்காக இவ்ளோ ஃபீலிங்கா" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் இல்லாதவர்கள், சரி. பதினாறு மேனேஜர்களும் இருக்கிறோமே. நான் செலவழித்த ஆறு மாச ராத்திரிகள் இருக்கின்றனவே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நண்பரை லீக்குக்குக் கூட்டிவந்தவன் நான். லைன்அப் போடுவது, குளோசருக்கு ஓய்வு கொடுப்பது, வேவரில் (மற்ற டீம்கள் விட்டுவிட்ட ஆட்கள் பட்டியல்) ஆள் பிடிப்பது எல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிவரைக்கும் போனில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அந்த நாலு ஆட்டத்துக்கு முன்னாடி "என் இடத்தைப் பார்த்தால் எனக்கு அந்த பிக் வேணும் அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். ஞாயிறிலிருந்து ஒரு மெசேஜ் இல்லை.

லீக்கை நடத்துகிற கமிஷனரிடம் குலுக்கல் முறை கேட்டு எழுதியிருக்கிறேன். முதல் பிக்குக்குக் கடைசி நாலு டீமுக்கும் சம வாய்ப்பு, காயம் இல்லாத ஸ்டார்ட்டரை உட்காரவைத்தால் காரணம் எழுதணும், ரெண்டே விஷயம். வரும் சனிக்கிழமை வாக்கெடுப்பு. லீக்கில் இருப்பவர்கள் குரூப்பில் சிரிப்பு எமோஜி போடுவதற்கு முன்னால் ஒருதரம் அந்த நாலு பாக்ஸ் ஸ்கோரையும் திறந்து படித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.